எடையைக் கழித்த கணக்கு: லோட்டஸிலிருந்து கேட்டர்ஹாம் வரை

2021-ல் கேட்டர்ஹாம் நிறுவனம் செவன் 170 என்ற காரை வெளியிட்டது. அதில் இருப்பது சுஸுகியின் மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின். கொள்ளளவு 660 சிசி. நம் ஊர்ச் சாலைகளில் பல வருஷம் ஓடிய மாருதி 800-க்கே 796 சிசி எஞ்சின் இருந்தது. அதைவிடச் சின்ன எஞ்சின், 84 குதிரைத்திறன். ஆனால் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை, அதாவது 96 கிலோமீட்டரை, 6.9 விநாடியில் தொட்டுவிடுகிறது. மந்திரம் எதுவும் இல்லை. முழுக் காரும் 440 கிலோதான்.

இந்தத் துறையில் ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்று பார்ப்பது வழக்கம். 170-க்கு அது சுமார் 190. ஒன்றரை டன் செடான் ஒன்று இதே விகிதத்துக்கு வரவேண்டுமானால் 285 குதிரைத்திறன் வேண்டும். சரி, விளம்பரத்தில் இந்த எண்ணைப் போடும்போது ஓட்டுபவரைச் சேர்ப்பதில்லை. 75 கிலோ ஆள் ஒருவர் உட்கார்ந்ததும் 190 என்பது 163 ஆகிவிடும். பக்கத்தில் அதே எடையில் இன்னொருவர் ஏறினால் 142. செடானில் கூட ஒருவர் ஏறியதை எஞ்சின் கவனிக்கவே கவனிக்காது. செவனில் காரின் சுபாவமே மாறிவிடும். இப்படிப்பட்ட காரைக் கட்டும் பொறியாளர் ஒவ்வொரு கிலோவையும் ஏன் அத்தனை பிடிவாதமாகத் துரத்துகிறார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

எடை குறைந்தால் கார் சீறிப் பாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமானவை பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் நடக்கின்றன. ஓடும் காரின் இயக்க ஆற்றல் எடைக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. ஒரே வேகத்தில் போகும் 725 கிலோ காரையும் 1,450 கிலோ காரையும் நிறுத்தினால், இரண்டாவது காரின் பிரேக்குகள் சரியாக இரண்டு மடங்கு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு தடவை நிறுத்துவதில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். மலைச்சாலையில் இருபது வளைவு இறங்கிய பிறகு எந்தக் காரின் பிரேக் தளர்ந்திருக்கும் என்பது தெரிந்ததே.

டயருக்கும் ஒரு குணம் உண்டு. அதன் மேல் இரண்டு மடங்கு பாரம் ஏற்றினால் பிடிப்பு இரண்டு மடங்காக வருவதில்லை, கொஞ்சம் குறைந்துதான் வருகிறது. அதனால் கனமான கார் வளைவில் எப்போதும் கொஞ்சம் நஷ்டத்தில்தான் இருக்கும். அகலமான டயரைப் போட்டு அதைச் சரிசெய்கிறார்கள். அகலமான டயருக்குப் பெரிய சக்கரம் வேண்டும். பெரிய சக்கரத்தைத் தாங்கக் கனமான சஸ்பென்ஷன், அதைத் தாங்கக் கனமான சேஸிஸ் என்ற அடிச்சட்டம், இதையெல்லாம் இழுக்கப் பெரிய எஞ்சின், அதற்குப் பெரிய பெட்ரோல் டாங்க். எடை தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் என்பது இதுதான். எதிர்த்திசையிலும் இதே சங்கிலி வேலை செய்யும். ஓரிடத்தில் பத்து கிலோவைக் கழித்தால் மற்ற இடங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியத் தொடங்கும்.

இந்தச் சிந்தனை பிரிட்டனில் வேரூன்றியதற்குக் காரணம் வரியும் பற்றாக்குறையும். 1921-லிருந்து அங்கே கார் வரி குதிரைத்திறனை வைத்துப் போடப்பட்டது. அந்தக் குதிரைத்திறனையும் நேரடியாக அளக்காமல், சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் வைத்து ஒரு சூத்திரத்தில் கணக்கிட்டார்கள். விட்டம் குறைந்தால் வரி குறையும். ஆகவே நிறுவனங்கள் சின்ன எஞ்சின்களைச் செய்தன. அப்படி 1922-ல் வந்தது ஆஸ்டின் செவன். 747 சிசி எஞ்சின் கொண்ட அந்தக் கார்தான் பிரிட்டனின் சாதாரணக் குடும்பங்களைக் காரில் ஏற்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய ஆஸ்டின் செவன்கள் சொற்ப விலைக்குக் கிடைத்தன. நாடு முழுக்கப் போர்க்கால விமானத் தளங்கள் காலியாகக் கிடந்தன. சில்வர்ஸ்டோன் பந்தயத் தடம் அப்படிப்பட்ட ஒரு தளம்தான். காசில்லாத இளைஞர்கள் பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்து, வேண்டாததைக் கழற்றி, ரேஸ் காராக மாற்றி அந்த ஓடுதளங்களில் ஓட்டினார்கள். அவர்களுக்காக 750 மோட்டார் கிளப் பந்தயங்களை நடத்தியது. எஞ்சின் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. அப்புறம் ஜெயிக்க ஒரே வழி எடையைக் குறைப்பதுதான்.

அந்த இளைஞர்களில் ஒருவர் காலின் சாப்மன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கட்டுமானப் பொறியியல் படித்தவர். கார் பொறியியல் படிக்காமல் பாலமும் கூரையும் கட்டும் படிப்பைப் படித்ததுதான் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று நான் நினைக்கிறேன். 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் செவனை மாற்றிக் கட்டியதுதான் அவருடைய முதல் கார். லண்டனின் ஹார்ன்ஸியில் அவருடைய அப்பா நடத்திய பப்பின் பின்னால் இருந்த குதிரைக் கொட்டிலில் 1952-ல் அவருடைய நிறுவனமான லோட்டஸ் இன்ஜினியரிங் தொடங்கியது.

அக்காலக் கார்களில் பெரும்பாலானவை ஏணி போன்ற சேஸிஸ் மேல் நின்றன. இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள், நடுவில் குறுக்குச் சட்டங்கள். முறுக்கினால் அது முறுக்கிக்கொள்ளும். முறுக்காமல் இருக்க இரும்பைத் தடிமனாகப் போட்டார்கள். பாலம் கட்டப் படித்தவருக்கு அது வீண் செலவாகத் தெரிந்தது. ரயில் பாலத்தைப் பாருங்கள், முழுக்க முக்கோணங்கள். முக்கோணத்தின் ஒவ்வொரு கம்பியும் இழுபடும் அல்லது அழுந்தும், வளையாது. வளையாத கம்பி மெல்லியதாக இருந்தாலும் தாங்கும். இதே வழியில் மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணங்களாக வெல்டு செய்து கூண்டு போன்ற சேஸிஸைச் சாப்மன் கட்டினார். 1952-ன் மார்க் சிக்ஸ் கார் அப்படிப்பட்டது. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் அதன் வாரிசு. கூண்டின் மேல் ரிவெட் அடித்த அலுமினியத் தகடு வெறும் மூடியாக இல்லாமல் சேஸிஸை விறைப்பாக்கும் வேலையையும் செய்தது.

எடை குறைந்த காரின் ரகசியம் மெல்லிய தகடு என்று பலர் நினைக்கிறார்கள். தகட்டை மெலிதாக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. பெரிய லாபம் வருவது ஒரு பாகத்துக்கு இரண்டு வேலை கொடுக்கும்போது. செவனின் முன் சஸ்பென்ஷன் இதற்கு நல்ல உதாரணம். கார் வளைவில் சாயாமல் இருக்க ஆன்டி-ரோல் பார் என்ற முறுக்குக் கம்பி வேண்டும். சக்கரத்தை மேலே பிடித்துக்கொள்ள விஷ்போன் என்ற இரண்டு கால் கொண்ட கவை போன்ற கை வேண்டும். சாப்மன் அந்த முறுக்குக் கம்பியின் முனையையே மேல் விஷ்போனின் ஒரு காலாக ஆக்கிவிட்டார். ஒரு பாகமும் அதன் போல்ட்டுகளும் புஷ்களும் பிராக்கெட்டுகளும் மொத்தமாகக் காணாமல் போயின. பின் சக்கரத்துக்கு அவர் வகுத்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் சாப்மன் ஸ்டிரட்டிலும் இதே யோசனைதான். எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டே சக்கரத்தைப் பக்கவாட்டில் அதன் இடத்தில் பிடித்தும் வைக்கும்.

செவன் விற்பனையானதற்கு இன்னொரு காரணம் மறுபடியும் வரிதான். முழுதாகக் கட்டிய புதுக் காருக்கு அப்போது கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கிடையாது. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக்கூடாது என்று விதி. அதனால் லோட்டஸ் காரைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தது, வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டார் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. 1973-ல் பிரிட்டனில் வாட் வரி வந்ததும் இந்தச் சலுகை போனது. அதே வருஷம் செவனின் உரிமையை, அதை விற்றுவந்த கிரஹாம் நேர்னின் கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இன்றைய 170 அந்த வழியில் வந்ததுதான்.

எடை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் எங்கே சறுக்கும் என்பதையும் செவனே காட்டிவிடுகிறது. அதன் உருவம் காற்றைக் கிழித்துப் போகும் உருவமே இல்லை. திறந்த சக்கரங்கள், வெளியே நீட்டிய முன் விளக்குகள், செங்குத்தான முன் கண்ணாடி. காற்றின் தடையை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது, அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். 170-ன் உச்ச வேகம் மணிக்கு 168 கிலோமீட்டர். இதே குடும்பத்தின் முரட்டுப் பிள்ளையான 620ஆர் காருக்கு 310 குதிரைத்திறன், அதாவது 3.7 மடங்கு. உச்ச வேகமோ சுமார் 250 கிலோமீட்டர், ஒன்றரை மடங்குகூட முழுசாக இல்லை. ஆனால் 60 மைல் வேகத்தைத் தொடும் நேரம் 6.9 விநாடியிலிருந்து 2.79 விநாடியாக இறங்கிவிடுகிறது. எடை குறைவு கை கொடுப்பது வேகம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில். நேர் சாலையில் உச்ச வேகத்தில் போகும்போது காற்றுதான் முதலாளி.

சாப்மனுக்கு இது தெரியாமல் இல்லை. செவன் வந்த அதே 1957-ல் அவர் லோட்டஸ் எலீட் காரையும் காட்டினார். தனிச் சேஸிஸே இல்லாமல், முழு உடலும் ஃபைபர்கிளாஸால் ஆன கார். எடை சுமார் அரை டன். காற்றுத்தடைக் குணகம் (எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது) 0.29, இன்றைக்கும் பல கார்கள் பெருமைப்படும் எண். எஞ்சின் கோவென்ட்ரி கிளைமாக்ஸ் தயாரித்த 1,216 சிசி அலுமினிய எஞ்சின். அதன் பூர்வீகம் சுவாரஸ்யமானது. போருக்குப் பிறகு தீயணைப்புத் துறைக்கு, ஆட்கள் கையால் தூக்கிப்போகக்கூடிய அளவுக்கு லேசான பம்பு தேவைப்பட்டது. அதற்காக வடிவமைத்த எஞ்சின்தான் பிறகு ரேஸ் காருக்குள் புகுந்தது. 75 குதிரைத்திறனோடு எலீட் மணிக்கு சுமார் 180 கிலோமீட்டர் ஓடியது. 84 குதிரைத்திறன் உள்ள இன்றைய 170-ஐவிட அதிகம்.

இருந்தாலும் எலீட் லோட்டஸுக்கு நஷ்டத்தைத்தான் கொடுத்தது. செய்யச் செலவு அதிகம். எஞ்சினின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலை நேரடியாக ஃபைபர்கிளாஸில் பூட்டியதால் பின்பகுதி மேளம் போல அதிர்ந்தது. அடுத்து 1962-ல் வந்த எலான் காரில் லோட்டஸ் வடிவமைப்பாளர் ரான் ஹிக்மன் வழியை மாற்றினார். இரும்புத் தகட்டை மடித்து வெல்டு செய்த ஒரு பெட்டி வடிவ முதுகெலும்பு, இரண்டு முனையிலும் கவை போலப் பிரிந்து, ஒரு முனையில் எஞ்சினையும் மறுமுனையில் பின் சஸ்பென்ஷனையும் பிடித்துக்கொண்டது. அதன் எடை முப்பத்துச் சொச்சம் கிலோதான். எஞ்சின் ஃபோர்டின் அடிப்பாகம் மேல் ஹாரி மண்டி வடிவமைத்த ட்வின் கேம் தலை, அதாவது வால்வுகளை இயக்க இரண்டு கேம் தண்டுகள் கொண்ட மேல்பகுதி, 1,558 சிசி.

எலானில் நான் வியப்பது அதன் மென்மை. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் முதுகெலும்பை உலுக்கும் விறைப்பான ஸ்பிரிங் என்று நினைக்கிறோம். எலானின் ஸ்பிரிங் மிருதுவானது, சக்கரம் மேலும் கீழும் போகத் தாராளமான இடம், அதை அடக்கச் சரியான ஷாக் அப்சார்பர். கனமான கார் வளைவில் சாயாமல் இருக்க ஸ்பிரிங்கை இறுக்கியாக வேண்டும். லேசான, தாழ்ந்த காரில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவும் பாரமே குறைவு, ஆகவே இறுக்கத் தேவையில்லை. பள்ளம் மேடு நிறைந்த பிரிட்டனின் கிராமத்துச் சாலையில் டயர் தரையை விடாமல் ஒட்டிக்கொண்டு போகும். மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் மர்ரே இன்றுவரை எலானின் ஸ்டீயரிங்கைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார். 1989-ல் மஸ்டா தன் எம்எக்ஸ்-5 காரைக் கொண்டுவந்தபோது அதன் பின்னால் எலானின் நினைவு இருந்ததும் எல்லோருக்கும் தெரிந்ததே.

இந்த வழிக்குக் கொடுத்த விலையைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. இரண்டு வேலை செய்யும் பாகம் உடைந்தால் இரண்டு வேலையும் ஒரே நொடியில் போய்விடும். சாப்மனின் ரேஸ் கார்கள் வேகமானவை, ஆனால் உடையக்கூடியவை என்ற பெயர் எடுத்தன. 1969-ல் பார்சிலோனாவில் பின் இறக்கை முறிந்து விபத்தில் சிக்கிய லோட்டஸின் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜோகன் ரிண்ட் சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்னும் சில பவுண்டு எடையைக் கூட்டிப் பலவீனமான பாகங்களைப் பலப்படுத்தினாலும் நாம் ஜெயிக்கலாம் என்பது அதன் சாரம். 1970 செப்டம்பரில் இத்தாலியின் மான்ஸா பந்தயத் தடத்தில் ரிண்ட் இறந்தார். அவர் ஓட்டிய லோட்டஸ் 72-ல் முன் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லாமல் உடலுக்குள் இருந்தன. சக்கரத்தோடு குதிக்கும் எடையைக் குறைத்தால் டயர் தரையை நன்றாகப் பிடிக்கும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பிரேக்கையும் சக்கரத்தையும் இணைத்த தண்டு முறிந்ததே கார் தடம் மாறியதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. தடுப்புச்சுவர் சரியாக அமைக்கப்படாததும் அந்தச் சாவில் பங்கு வகித்தது. அந்த வருஷத்து உலகச் சாம்பியன் பட்டம் இறந்துபோனவருக்குக் கொடுக்கப்பட்டது. எடை குறைப்பை நேசிக்கும் யாரும் அந்தக் கடிதத்தைத் தாண்டிப் போகக்கூடாது என்று நினைக்கிறேன். எந்த இடத்தில் கழிக்கக்கூடாது என்று தெரிவதும் அதே படிப்பின் பாதி.

சாப்மன் 1982-ல் இறந்தார். அதற்குப் பதினாலு வருஷம் கழித்துச் சாலைக்கு வந்த லோட்டஸ் எலிஸ்தான் அந்தப் பாதியையும் நன்றாகக் கற்ற கார். அப்போது லோட்டஸ் இத்தாலியத் தொழிலதிபர் ரொமானோ ஆர்டியோலியின் கையில் இருந்தது. காருக்கு அவருடைய பேத்தி எலிசாவின் பெயரை வைத்தார்கள். உருவம் ஜூலியன் தாம்சனுடையது, சேஸிஸ் ரிச்சர்ட் ராக்கம் வடிவமைத்தது. அந்தச் சேஸிஸைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஜன்னல் சட்டம் செய்வதற்கு அலுமினியத்தை ஒரு அச்சின் வழியே பிதுக்கி எடுப்பார்கள், இடியாப்பம் பிழிவது போல. உள்ளே எத்தனை அறை, எந்த இடத்தில் எவ்வளவு தடிமன் என்பதை அச்சே தீர்மானிக்கும். எலிஸின் சேஸிஸ் இப்படிப் பிதுக்கிய துண்டுகளை வெட்டி ஒட்டியது. ஆம், ஒட்டியதுதான். வெல்டிங் இல்லை. அலுமினியத்தை வெல்டு செய்தால் சூடு பட்ட இடத்தில் உலோகம் பலம் இழக்கும், அதை ஈடுகட்டத் தடிமனைக் கூட்ட வேண்டும். வெல்டிங்கின் சூட்டைத் தாங்கவும் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். எபாக்ஸி பசைக்கு இந்த இரண்டும் தேவையில்லை, ஆகவே சுவரை மெலிதாக்க முடிந்தது. முதலில் அலுமினியத்தை அனோடைஸ் செய்து, அதாவது மேற்பரப்பில் ஆக்சைடு படலம் ஏற்றி, பசை தடவிப் பூட்டி, அடுப்பில் வைத்துப் பசையைக் கெட்டியாக்கினார்கள். ஒட்டிய மூட்டு வழுக்கி நகரும் விசையை அற்புதமாகத் தாங்கும், ஆனால் ஓரத்திலிருந்து உரிக்க முயன்றால் விட்டுவிடும். தபால் உறையை ஓரத்தில் நகத்தால் கிளப்பிப் பிரிப்பதை நினைத்துப் பாருங்கள். அதனால் மூட்டுகளில் ஆணிகளையும் செருகினார்கள். உரியத் தொடங்காமல் பார்த்துக்கொள்வது ஆணியின் வேலை, பாரம் சுமப்பது பசையின் வேலை. முழுச் சேஸிஸும் 68 கிலோ.

மொத்தக் கார் சுமார் 725 கிலோ. எஞ்சின் ரோவரின் கே சீரிஸ், 1.8 லிட்டர், 118 குதிரைத்திறன். அதுவே காரை ஆறு விநாடிக்குள் 60 மைல் வேகத்துக்குக் கொண்டுபோயிற்று. எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் முன் சக்கரங்களின் மேல் 300 கிலோவுக்கும் குறைவான பாரம்தான். பவர் ஸ்டீயரிங் தேவைப்படவில்லை, வைக்கவும் இல்லை. சாலையின் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரிந்தது. பிரேக்கை மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் சர்வோவும் இல்லை. ஆரம்பகாலக் கார்களில் பிரேக் டிஸ்க்கூட அலுமினியக் கலவைதான். தரையில் கம்பளம் போடவில்லை, அலுமினியம் அப்படியே தெரிந்தது, அழகாகவும் இருந்தது. சேஸிஸின் பக்கச் சட்டங்கள் உயரமாக இருந்ததால் ஏறி இறங்குவதுதான் சிரமம். சின்ன எண்ணிக்கையில் விற்றால் போதும் என்று தொடங்கிய கார், முதல் தலைமுறையில் மட்டும் 10,000-க்கு மேல் விற்றது.

அப்புறம் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. மோதல் பாதுகாப்பு விதிகள், ஏர்பேக், ஏசி, டொயோட்டா எஞ்சின் எல்லாம் சேர்ந்ததில் இரண்டாம் தலைமுறையின் 111ஆர் 860 கிலோவைத் தொட்டது. பாதுகாப்புக்காகக் கூடிய எடையை நான் குறை சொல்லமாட்டேன். 2021-ல் எலிஸின் உற்பத்தி முடிந்தது.

பேட்டரிக் கார்தான் இப்போது இந்த மரபுக்கு முன்னால் நிற்கும் கடினமான கேள்வி. 2008-ல் வந்த முதல் டெஸ்லா ரோட்ஸ்டர் எலிஸின் தொழில்நுட்பத்தை வைத்து, லோட்டஸின் ஹெத்தல் ஆலையில் உடல் கட்டப்பட்ட கார். அதன் பேட்டரி மட்டும் சுமார் 450 கிலோ. கேட்டர்ஹாம் 170 முழுக் காரைவிடக் கூடுதல். காரின் மொத்த எடை ஏறத்தாழ 1,300 கிலோவுக்குப் போயிற்று. இன்று லோட்டஸ் விற்கும் எலெட்ரே என்ற மின்சார எஸ்யூவி சுமார் இரண்டரை டன். கார்டன் மர்ரே பெட்ரோலை விடாமல், வி12 எஞ்சினோடு டி.50 காரை 986 கிலோவில் முடித்தார், ஆனால் அதன் விலை கோடீஸ்வரர்களுக்கானது. கேட்டர்ஹாம் 2023-ல் காட்டிய ப்ராஜெக்ட் வி என்ற மின்சார மாதிரிக்கு வைத்த இலக்கு 1,190 கிலோ.

பேட்டரியை எங்கே வைப்பது என்பதுதான் இப்போதைய வேலை. தரைக்கடியில் பரப்பினால் அதன் மேல் உட்காரும் ஓட்டுநர் உயர்கிறார், அவரோடு கூரையும் உயர்கிறது, காற்றில் மோதும் பரப்பும் கூடுகிறது. லோட்டஸ் தன் மின்சார எவைஜா காரில் பேட்டரியை இருக்கைகளுக்குப் பின்னால், எலிஸில் எஞ்சின் இருந்த அதே இடத்தில் அடுக்கியது. ஓட்டுநர் பழையபடி தரையை ஒட்டி உட்கார முடிந்தது. அந்தக் காரின் எடை 1,887 கிலோ.